தாம் (செக்கர்ஸ்) நிரலில் தொடக்கப் புத்தகம் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் மடிக்கணினிகள் என்னிடம் வந்து சேரும். தாம் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுடையவை. முறைப்பாடு எப்போதும் ஒன்றுதான்: "அண்ணை, புத்தகம் வேலை செய்யவில்லை." புத்தகம் என்பது, தொடக்க நகர்வுகளை நிரல் யோசிக்காமலே ஆடுவதற்காகச் சேமித்து வைத்த கோப்பு. பெரும்பாலும் புத்தகத்தில் ஒரு குறையும் இராது. நிரல் அதைத் திறந்திருக்காது, அல்லது வேறு எங்கோ கிடக்கும் இன்னொரு பிரதியைத் திறந்திருக்கும். ஆகவே நிரலை அழித்து மறுபடி நிறுவுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் குறை போகிறதோ இல்லையோ, நீங்கள் சேர்த்து வைத்த கோடுகள் (நகர்வு வரிசைகள்) போய்விடும்.

கீழே சொல்வது எட்டுக்கு எட்டுப் பலகைக்கான செக்கர்போர்ட் இடைமுகத்தையும் (மார்ட்டின் ஃபியர்ஸ் எழுதியது), அதனுள் ஓடி நகர்வுகளை யோசிக்கும் கேக், கிங்ஸ்ரோ போன்ற எஞ்சின்களையும், பத்துக்குப் பத்துப் பலகைக்கான ஸ்கேன் எஞ்சினையும் மனத்தில் வைத்து எழுதியது. வேறு நிரல் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## எதையும் தொடுமுன்

நிரல் இருக்கும் கோப்புறையை முழுதாக ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். பிறகு இந்தச் சோதனை: நகர்வுக்குப் பத்து வினாடியாவது நேரம் கொடுத்து, புதிய ஆட்டம் தொடங்கி, முதல் நகர்வை நிரலிடம் விடுங்கள். கண்ணிமைப்பதற்குள் காய் நகர்ந்தால் புத்தகம் படிக்கப்படுகிறது. பத்து வினாடியும் எண்களை ஓட்டிக் காட்டிவிட்டு நகர்ந்தால் படிக்கப்படவில்லை. நகர்வுக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டு சோதித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

## அறிகுறி 1: முதல் நகர்வுக்கே யோசிக்கிறது

புத்தகம் அணைக்கப்பட்டிருக்கிறதா? செக்கர்போர்டில் எஞ்சினின் தெரிவுகளைத் திறந்தால் புத்தகத்துக்குத் தனி இடம் இருக்கும். ஸ்கேனில் அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து 'புக்' என்ற வரிக்கு நேரே 'ட்ரூ' என்று இருக்கிறதா பாருங்கள். கணினியை வீட்டில் தம்பியும் தங்கையும் பாவிக்கிறார்கள் என்றால் இந்தச் சோதனையைத் தாண்டி வரவேண்டியே இராது.

பகுப்பாய்வு நிலையில் ஓடுகிறதா? பகுப்பாய்வின்போது புத்தகத்தை ஒதுக்கிவிட்டுத் தானே யோசிப்பது பல நிரல்களின் இயல்பு. சாதாரண ஆட்ட நிலைக்கு மாற்றி மறுபடி பாருங்கள்.

ஜிப்புக்குள்ளிருந்தே திறந்தீர்களா? ஜிப் கோப்பைத் திறந்து, உள்ளே தெரியும் நிரலை அப்படியே இரட்டைச் சொடுக்கினால், விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக இடத்தில் எடுத்துப் போட்டு ஓட்டும். புத்தகம் ஜிப்புக்குள்ளேயே இருந்துவிடும். நிரல் திறந்துவிடுவதால் எல்லாம் சரி போலத் தோன்றும். ஜிப்பை முழுதாக விரித்து, விரித்த கோப்புறையிலிருந்து திறங்கள்.

கோப்புறையின் பெயர் தமிழில் இருக்கிறதா? வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதைக் காணமாட்டீர்கள். நம்மிடம் அடிக்கடி வருவது இதுதான். ஒரு பிள்ளை 'தாம் பயிற்சி' என்று அழகாகப் பெயரிட்டு, நிரலையும் புத்தகத்தையும் அதற்குள் வைத்திருந்தது. கோப்பு கண்முன்னே இருக்கிறது, பெயர் சரி, அளவும் சரி, ஆனால் நிரல் "கிடைக்கவில்லை" என்கிறது. பிழைச் செய்தியை உற்றுப் பார்த்தால் பாதையில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். காரணம், பழைய முறையில் எழுதிய நிரல்கள் கோப்புப் பெயர்களை விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல்கள் வழியாகவே கேட்கும். தமிழுக்கு அப்படி ஒரு பட்டியல் விண்டோஸில் என்றுமே இருந்ததில்லை. தமிழ் அங்கே யூனிகோடாக மட்டுமே வந்தது. கோப்புறையை சி டிரைவின் முதல் மட்டத்துக்கு நகர்த்தி, ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாத ஒரு சின்னப் பெயர் வையுங்கள். விண்டோஸ் பயனர் பெயரே தமிழில் இருந்தால் 'ஆவணங்கள்', 'டெஸ்க்டாப்' எல்லாவற்றின் பாதையிலும் அது நுழைந்திருக்கலாம். அப்போதும் மருந்து இதுவே. பயனர் பெயரை மாற்றப் போய் வேறு வினையை விலைக்கு வாங்காதீர்கள்.

குறுக்குவழியிலிருந்து திறக்கிறீர்களா? ஸ்கேன் தன் அமைப்புக் கோப்பையும் புத்தகம் இருக்கும் 'டேட்டா' கோப்புறையையும், தான் தொடங்கப்பட்ட இடத்திலேயே தேடும். டெஸ்க்டாப்பில் நீங்களே செய்த குறுக்குவழியில் 'தொடங்கும் இடம்' என்ற பெட்டி வெறுமையாகவோ தவறாகவோ இருந்தால் அது வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கும். குறுக்குவழியின் பண்புகளைத் திறந்து, எஞ்சின் இருக்கும் கோப்புறையின் பாதையை அந்தப் பெட்டியில் இடுங்கள்.

கோப்பின் பெயர் நிஜமாகவே அதுதானா? விண்டோஸ் தெரிந்த பின்னொட்டுகளை மறைத்துவிடும். நண்பர் அனுப்பிய புத்தகத்தின் பெயருக்குப் பின்னால் இரண்டாவது பின்னொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது ஒரே கோப்பை இரண்டு முறை பதிவிறக்கியதால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் சேர்ந்திருக்கலாம். பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

ஒன்டிரைவ். ஆவணங்கள் கோப்புறை ஒன்டிரைவோடு இணைந்திருந்தால், கோப்பு மேகக்கணியில் மட்டும் இருக்க, உங்கள் வட்டில் அதன் நிழல் தெரியும். பெயருக்கு அருகே மேகப் படம் இருந்தால், வலது சொடுக்கி எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யோசித்தால் கோப்பே பழுதாகியிருக்கலாம். அறிகுறி 6க்குப் போங்கள்.

## அறிகுறி 2: மூன்று நான்கு நகர்வில் புத்தகத்தை விட்டுவிடுகிறது

பாதி வேளை இது குறையே அல்ல. நீங்கள் விசித்திரமாக ஒரு காயை நகர்த்தினால், அந்த நிலை புத்தகத்தில் இருக்க நியாயமில்லை. முதலில் நன்றாகத் தெரிந்த ஒரு கோட்டை ஆடிப் பாருங்கள். எட்டுக்கு எட்டில் 11-15, 23-19, 8-11, 22-17, 4-8 என்று போகும் 'ஓல்ட் ஃபோர்டீன்த்' மிகப் பழைய தொடக்கம் (எண்கள் கட்டங்களுக்கு: 11-15 என்றால் 11ஆம் கட்டத்திலிருந்து 15க்கு). அங்கேயும் நிரல் திணறினால்தான் மேலே தேட வேண்டும்.

அப்போதும் நின்றால்: வேறு வரிசையில் அதே நிலைக்கு வந்து பாருங்கள். 11-15, 23-19, 9-14 என்று ஆடினாலும், 9-14, 23-19, 11-15 என்று ஆடினாலும் பலகையில் காய்கள் நிற்கும் இடம் ஒன்றே. ஒரு வரிசையில் புத்தகம் தொடர்ந்து, மற்றதில் நின்றுபோனால், உங்கள் புத்தகம் நிலையை அல்ல, நகர்வு வரிசையை வைத்துச் சேமிக்கிறது. கையால் தொகுத்த புத்தகங்களில் இதைப் பார்க்கலாம். நிலையை வைத்துத் தேடும் நிரலுக்கு மாறுவது நல்லது, முடியாவிட்டால் இரண்டு வரிசையையும் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் அமைத்த நிலையிலிருந்து தொடங்கினீர்களா? காய்கள் சரியாக இருந்தும் 'யாருடைய முறை' என்பது மாறியிருந்தால் அது புத்தகத்துக்கு வேறு நிலை. எட்டுக்கு எட்டு ஆங்கில முறையில் கறுப்பு முதலில் நகரும், பத்துக்குப் பத்தில் வெள்ளை. இரண்டும் ஆடுகிற பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

## அறிகுறி 3: எப்போதும் ஒரே தொடக்கத்தையே ஆடுகிறது

செக்கர்போர்டில் புத்தகத் தெரிவு 'சிறந்த நகர்வுகள்' என்று இருக்கும். 'நல்ல நகர்வுகள்' என்று தளர்த்துங்கள். ஸ்கேனில் 'புக்-மார்ஜின்' என்ற எண்ணைக் கொஞ்சம் கூட்டினால், சிறந்த நகர்வுக்குச் சற்றுக் கீழே உள்ளவற்றையும் தொடும்.

ஆனால் போட்டிக்குத் தயாராகிறவர்கள் இந்தத் தெரிவுகளோடு மல்லுக்கட்டுவதை விட, மூன்று நகர்வுச் சீட்டு முறையில் ஆடுவதே மேல். முதல் மூன்று நகர்வுகளைச் சீட்டு தீர்மானிக்கும். சாத்தியமான 174 தொடக்கங்களில், உடனே காயை இழக்கவைப்பவையும் ஒரு பக்கம் மிகச் சாய்ந்தவையும் போக, 156 பாவனையில் உள்ளன. செக்கர்போர்ட் அவற்றைத் தானே குலுக்கித் தரும். விரும்பிய தொடக்கத்தையே ஆடிப் பழகிய பிள்ளைக்கு முதல் வாரம் அழுகை வரும். வரட்டும்.

## அறிகுறி 4: புத்தகத்தின்படி ஆடியும் தோற்கிறது

அதிக நேரம் தின்னும் முறைப்பாடு இதுதான். அவசரத்தில் தவறான இடத்தில் கைவைப்பதும் இதில்தான். முதல் கேள்வி, தெரிவு 'எல்லா நகர்வுகளும்' என்று இருக்கிறதா? அப்படியானால் பலவகைக்காக விட்டுவைத்த சுமாரான நகர்வுகளும் ஆட்டத்துக்குள் வரும். 'சிறந்த' என்று மாற்றி ஆடவிட்டுப் பாருங்கள்.

தொடர்ந்தும் தோற்றால், தோல்வி எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். தோற்ற ஆட்டத்தைத் திறந்து, புத்தகத்திலிருந்து வந்த கடைசி நகர்வில் நிறுத்துங்கள். புத்தகத்தை அணைத்துவிட்டு, எஞ்சினைச் சில நிமிடம் யோசிக்க விடுங்கள். அது காட்டும் மதிப்பெண், எந்தப் பக்கம் எவ்வளவு முன்னணியில் என்று சொல்லும்.

மதிப்பெண் சமனுக்குக் கிட்ட நிற்கிறது: புத்தகம் குற்றவாளி அல்ல. அதன் பிறகு நடந்த ஆட்டத்தில்தான் சறுக்கியிருக்கிறது. நகர்வு நேரம் போதாமலிருக்கலாம், இறுதியாட்டத் தரவுத்தளத்தின் (காய்கள் குறைந்த நிலைகளின் முடிவுகள் உள்ள கோப்புகள்) பாதை தவறாக இருக்கலாம். புத்தகத்தைத் திருத்தாதீர்கள்.

மதிப்பெண் தெளிவாகச் சரிந்திருக்கிறது: ஒவ்வொரு நகர்வாகப் பின்னே போங்கள். ஒவ்வொரு நிலையிலும் அதே அளவு நேரம் யோசிக்க விடுங்கள். மதிப்பெண் எந்த இடத்தில் மீண்டும் சமனாகிறதோ, அதற்கு அடுத்து ஆடிய நகர்வே வில்லன். அதைக் குறித்துக்கொண்டு, அது புத்தகத்துக்குள் எப்படி வந்தது என்று பாருங்கள்.

நிரலோடு வந்த புத்தகத்தில் இருந்தால், புதிய பதிப்பு இருக்கிறதா பாருங்கள். அப்படி நேர்வது அரிது.

ஆட்டத் தொகுப்பிலிருந்து நீங்களே செய்த புத்தகம் என்றால், வெற்றி வீதத்தை நம்பி ஏமாந்திருப்பீர்கள். பயிற்சி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் விழுகிற ஒரு பொறி இருக்கும். அதை வைத்தவன் அத்தனை ஆட்டத்திலும் வென்றிருப்பான். புத்தகம் அதை முதல்தரமான நகர்வு என்று எழுதி வைத்துக்கொள்ளும். விழாத எதிராளி ஒருவன் வந்ததும் குட்டு வெளிப்படும். தொகுப்பிலிருந்து புத்தகம் செய்தால், ஒவ்வொரு கோட்டின் கடைசி நிலையையும் எஞ்சினைக் கொண்டு சரிபார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். வேலை இரவோடிரவாக ஓடட்டும், மனிதர் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை.

பழைய அச்சுப் புத்தகத்திலிருந்து தட்டெழுதிய கோடுகள் என்றால், அச்சுப் பிழை, தட்டெழுத்துப் பிழை, அந்தக் காலத்து ஆய்வாளரின் பிழை ஆகிய மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் சினூக் நிரலை உருவாக்கிய ஜொனதன் ஷேஃபரின் குழுவுக்கே அச்சில் வந்த தொடக்கங்களை நம்பி உட்கார முடியவில்லை. பிரித்தானியரான மார்ட்டின் பிரையன்ட் தன் கொலோசஸ் நிரலுக்காகத் தொகுத்த தொடக்கப் புத்தகத்தைப் பின்னர் பெற்றுத் தங்களுடையதோடு சேர்த்துக்கொண்டார்கள். அதே குழு 2007இல், இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று நிறுவியது. ஆகவே ஆரம்ப நிலையிலிருந்து 'கட்டாய வெற்றி' என்று எவராவது கோடு தந்தால், அதற்குள் எங்கோ எதிராளியின் பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை புத்தகத்தில் ஏற்றாதீர்கள்.

இன்னொரு காரணம் விதி. ஆங்கில முறையில் சாதாரணக் காய் பின்னோக்கி வெட்டாது, ராஜா ஒரு கட்டம்தான் நகரும், பல வெட்டுகளில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். சர்வதேச முறையில் காய் பின்னோக்கியும் வெட்டும், ராஜா நீளப் பாயும், அதிகக் காய்களை எடுக்கும் வெட்டையே வெட்ட வேண்டும். வீட்டில் ராஜாவைப் பலகை முழுதும் பாயவிட்டு எட்டுக்கு எட்டில் ஆடுகிறவர்களுக்கு கேக், கிங்ஸ்ரோ இரண்டின் புத்தகமும் உதவாது. பிள்ளை வீட்டில் அப்பாவோடு ஆடித் தோற்றுவிட்டு நிரலைக் குறை சொல்லும்போது, அப்பா எந்த விதியில் ஆடினார் என்று கேளுங்கள்.

எப்போது நிறுத்துவது: எஞ்சின் சமன் என்று அடித்துச் சொல்கிறது, ஆனால் பிள்ளையால் அந்த நிலையைத் தாங்க முடியவில்லை என்றால், கணினி திருத்துபவரிடம் வேலை இல்லை. அந்தத் தொடக்கம் பிள்ளைக்குப் பொருந்துமா என்று சொல்ல அனுபவமுள்ள ஆட்டக்காரர் ஒருவர் வேண்டும்.

## அறிகுறி 5: சேர்த்த கோடுகள் ஏறுவதில்லை, அல்லது மறுநாள் காணவில்லை

ஆட்டக் கோப்பு ஏறவே இல்லை: பிடிஎன் கோப்பை (ஆட்டங்களின் நகர்வுகள் எழுத்தில் பதிந்திருக்கும் கோப்பு) நோட்பேடில் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள். ஆட்டங்களை வேர்டில் ஒட்டித் திருத்தியிருந்தால், சிறு கோடு நீண்ட கோடாகவும், நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகவும் மாறியிருக்கும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, நிரலுக்கோ 11-15 என்பது நகர்வாகவே தெரியாது. வேர்டை இந்த வேலைக்குப் பாவிக்காதீர்கள். முதல் ஆட்டம் மட்டும் ஏறாமல் மற்றவை ஏறினால், பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியே காரணமாக இருக்கலாம். அந்தக் குறி இல்லாமல் சேமிக்கத் தெரிந்த திருத்தியைப் பாவியுங்கள். ஆட்ட வகை என்ற வரியில் 20 என்றால் சர்வதேச முறை, 21 என்றால் ஆங்கில முறை. 20 என்று இருக்கும் ஆட்டம் செக்கர்போர்டில் ஏறாது.

ஏறியது, மறுநாள் இல்லை: நிரல் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் நிறுவப்பட்டிருக்கிறதா? அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. பழைய 32-பிட் நிரல் எழுத முயன்றால், விண்டோஸ் மறுக்காமல், பயனரின் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் 'வெர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்தில் சத்தமில்லாமல் ஒரு பிரதி எழுதிவிடும். அடுத்த முறை நிரலை நிர்வாகியாக ஓட்டினால் அது அசல் கோப்பைத் திறக்கும், நேற்றுச் சேர்த்ததெல்லாம் மாயம். அண்ணன் தன் கணக்கிலும் தங்கை தன் கணக்கிலும் திறந்தால் ஆளுக்கொரு புத்தகம். வெர்ச்சுவல்ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். தொலைந்ததாக நினைத்த கோடுகள் அநேகமாக அங்கே பத்திரமாக இருக்கும். திகதி பார்த்துப் புதியதை எடுத்துக்கொண்டு, நிரலை 'புரோகிராம் ஃபைல்ஸு'க்கு வெளியே ஒரு கோப்புறையில் வைத்து, இனி அங்கிருந்தே ஓட்டுங்கள். 'நிர்வாகியாக ஓட்டு' என்பதைப் பழக்கமாக்காதீர்கள், குழப்பம் கூடும்.

அங்கேயும் இல்லை: விண்டோஸ் பாதுகாப்பில் 'கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல்' இயங்கிக்கொண்டிருந்தால், தனக்கு அறிமுகமில்லாத நிரல் ஆவணங்கள் கோப்புறையில் எழுதுவதை அது தடுக்கும். வரலாற்றுப் பதிவில் நிரலின் பெயர் தெரியும். அந்த நிரலை மட்டும் அனுமதியுங்கள், பாதுகாப்பை முழுதாக அணைக்க வேண்டாம்.

## அறிகுறி 6: புத்தகத்தைத் தொட்டதும் நிரல் விழுகிறது

எஞ்சினே ஏறவில்லையா? 32-பிட் இடைமுகத்தால் 64-பிட் எஞ்சினை ஏற்ற முடியாது, மறுபக்கமும் அப்படியே. இரண்டையும் ஒரே வகையாக்குங்கள். வைரஸ் தடுப்பு நிரல் எஞ்சினைத் தனிமைப்படுத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் ஓடுகிறது, புத்தகத்தை இயக்கினால் மட்டும் விழுகிறது: கோப்பு பழுது. புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இது நடக்கும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்த நாட்களில், மின்கலம் செத்த மடிக்கணினிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோப்பின் அளவைப் பாருங்கள். பூச்சியமாகவோ, பதிவிறக்கப் பக்கத்தில் சொன்னதைவிடக் குறைவாகவோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அளவு சரியாக இருந்தால், நன்றாக ஓடும் இன்னொரு கணினியிலுள்ள பிரதியோடு ஒப்பிடுங்கள். கட்டளைச் சாளரத்தில் 'செர்ட்யூட்டில்' கட்டளை இரண்டு கோப்புக்கும் கைரேகை போல ஒரு நீண்ட எண் தரும். எண் வேறானால் கோப்பு வேறு. ஆனால் நீங்கள் கோடுகள் சேர்த்த புத்தகத்துக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, அது இயல்பாகவே வேறாகத்தான் இருக்கும். பழுதான கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு, நல்ல பிரதியை அதன் இடத்தில் வையுங்கள்.

நல்ல பிரதியும் சில நாளில் பழுதாகிறது: இப்போது வட்டைச் சந்தேகியுங்கள். வேறு கோப்புகளும் திறக்க மறுக்கின்றனவா, பிரதி எடுக்கும்போது கணினி உறைந்து நிற்கிறதா, வட்டிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வட்டில் இனி எதையும் எழுதாதீர்கள், பிழை திருத்தும் கட்டளைகளையும் ஓட்டாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டக் கோப்புகளையும் சொந்தப் புத்தகத்தையும் வெளியே எடுக்க முடிந்தால் எடுத்துக்கொண்டு, கணினியை அணைத்துவிடுங்கள்.

எடுக்க முடிந்தவர்களுக்கு மிச்சம் இருப்பது செலவு மட்டுமே: பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போய் ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, பென் டிரைவிலிருந்து புத்தகத்தைத் திரும்ப வையுங்கள். எடுக்க முடியாமல், உள்ளே பல வருட ஆட்டக் குறிப்புகள் இருந்தால்தான் தரவு மீட்பவரிடம் போக வேண்டும். அது விலை கூடிய வேலை. கணினியைக் கையில் கொடுக்குமுன் "தரவு மீட்க வேண்டும், ஃபார்மட் செய்யக் கூடாது" என்று வாயால் சொல்லுங்கள், ரசீதிலும் எழுதி வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் புத்தகக் கோப்பை மீட்கப் பணம் கொடுக்காதீர்கள். அதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மீட்கச் சொல்ல வேண்டியது நீங்கள் சேர்த்த கோடுகளும் பிடிஎன் கோப்புகளும்தான். அவற்றின் பெயர்களையும், அவை இருந்த கோப்புறையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி மடிக்கணினியோடு கொடுத்துவிடுங்கள்.